மூடி கழற்றிய விளக்கு

டாக்டர் சௌந்தரராஜன் பெயரை அந்த ஆய்வகத்துக்குச் சூட்டப்போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்களில் நினைவு தெளிவாக இருப்பவள் நான்தான் என்று எப்படியோ விசாரித்து அறிந்து, அங்கே இப்போது வேலை பார்க்கும் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அவரப் பத்தி நாலு நல்ல விஷயம் எழுதிக் குடுங்க மேடம். ஒரு விபத்துகூட நடக்காத லேப்னு சொல்றாங்க, அதையும் சேத்துக்கலாம்" என்றார் ஒருவர்.

காபி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போன பிறகு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விபத்து நடக்கவில்லை என்று யார் சொன்னார்கள்? அந்த ஆய்வகத்தில் ஒரு மனிதனின் கண் போனது. அதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிறது. தாத்தா திவான் காலத்து உத்தியோகஸ்தர், அப்பா மராமத்து இலாகா. வீட்டில் தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம். நாடு விடுதலை அடைந்தபோது நான் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, டாக்டர் சௌந்தரராஜனிடமே பிஎச்.டி.க்கும் பதிவு செய்துகொண்டேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். விண்மீன்களுக்கு நடுவே இருப்பது வெறும் வெளி அல்ல. மிக மிக மெல்லிய வாயு மேகங்கள் அங்கே மிதக்கின்றன. பெரும்பாலும் ஹைட்ரஜன், அதோடு கொஞ்சம் கார்பன், கொஞ்சம் தூசு. வெப்பம் மிகுந்த நீலநிற விண்மீன்கள் புற ஊதா ஒளியை வாரி இறைக்கின்றன. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேகத்தின் மேல் விழும்போது வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி எறியும், இரண்டு மூன்று அணுக்கள் சேர்ந்திருக்கும் மூலக்கூறுகளை உடைத்துப்போடும், வாயுவைச் சூடாக்கும். மேகத்தின் உள்ளே, தூசு மறைத்து நிழல் தரும் இடத்தில் மட்டும் மூலக்கூறுகள் பிழைத்துக் கிடக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு எளிய மூலக்கூறு விண்வெளியில் இருப்பது அப்போதே தெரிந்திருந்தது. அது எதிலிருந்து உடைந்து வருகிறது, ஒளியின் அடியை எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

அதற்கு விண்மீனைப் பெங்களூருக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே ஒரு விளக்கு. குவார்ட்ஸ் குழாய்க்குள் ஹைட்ரஜனை அடைத்து, பலத்த மின்சாரம் செலுத்தினால் அது இளஞ்சிவப்பாக எரியும். கண்ணுக்குத் தெரிவது அந்தச் சிவப்பு மட்டும்தான். அதோடு கூடவே புற ஊதா ஒளி கொட்டும். குழாயின் ஒரு முனையில் லித்தியம் ஃபுளோரைடு என்ற உப்பில் செய்த ஜன்னல், நாணயம் அளவுக்கு. அதன் வழியாக ஒளி ஒரு வெற்றிடப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் துளி மீத்தேன் வாயுவை விடுவோம். ஒளி அதை உடைக்கும். உடைந்ததில் என்னென்ன இருக்கிறது என்பதை நிறமாலைமானி போட்டோத் தகட்டில் கோடுகளாகப் பதிவு செய்யும். அந்தக் கோடுகளை அளப்பது என் வேலை. அடுத்த அறையில் நுண்நோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். விளக்கு எரியும் அறைக்குள் எனக்கு அதிகம் வேலை கிடையாது.

விளக்கு அறை ஏகாம்பரத்தின் ராஜ்யம். அவர் எங்கள் மெக்கானிக். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றவர். நகரத்தின் தெற்கே அடுகோடிப் பேட்டையில் வீடு. நாங்கள் பத்துப் பேரும் கண்ணாடி போட்டவர்கள்; அவருக்கு மட்டும் கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை. விளக்கைச் சுற்றி அவரே தகரத்தில் ஒரு மூடி செய்து போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் வைத்து, அதன் வழியாகத்தான் எரிவதைப் பார்ப்பார்.

சிக்கல் அந்த உப்பு ஜன்னலில் இருந்தது. எரிய எரிய அது மங்கிப்போகும். விளக்கை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, மூடியின் திருகுகளைக் கழற்றி, ஜன்னலை மெருகேற்றி, மறுபடி பூட்டி, மறுபடி காற்றை உறிஞ்சி, விளக்கை ஏற்றி, ஒளி பெட்டியின் சின்னப் பிளவில் நேராக விழும்படி குழாயைத் தலைமயிர் அளவுக்கு மெல்ல நகர்த்த வேண்டும். அதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

டாக்டர் சௌந்தரராஜன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் வருவார். எந்தக் கருவியையும் தொடமாட்டார். தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். அதற்கு அர்த்தம், நாளைக்குள் முடித்திருக்க வேண்டும் என்பது. நன்றாகச் செய்ததற்கு அவர் பாராட்டியதில்லை. குற்றம் சொல்லாமல் போனாலே பாராட்டு. நாங்கள் அதற்கே ஏங்கினோம். அறிவாளி, சந்தேகமில்லை. எனக்கு ஒளியைப் பற்றித் தெரிந்ததில் பாதி அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியது.

அந்த ஆண்டு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அவருக்கு அழைப்பு வந்தது. கையில் முடிவோடு போக வேண்டும். ஒரு நாள் காலை நான் தகடுகளை எடுக்க விளக்கு அறைக்குப் போனபோது அவர் ஏகாம்பரத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மூடியைக் கழட்டி வச்சுடுப்பா. ஒவ்வொரு தடவையும் திருகிண்டிருந்தா வேலை ஆகாது. கொஞ்ச நாளைக்குத்தான்."

"அப்டியே தொறந்து வச்சி எரிக்கலாமா சார்? ஒண்ணும் ஆவாதா?"

"உனக்கு ஷாக் அடிக்காத மாதிரி ஒயரை மட்டும் பாத்துக்கோ."

மூடி கழற்றப்பட்டது. கொஞ்ச நாள் என்றது மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வந்த பிறகும் நீண்டது. நான் உள்ளே போகும்போதெல்லாம் விளக்கு அணைந்திருக்கும், அல்லது ஜன்னல் ஆறிக்கொண்டிருக்கும். ஏகாம்பரம் குழாய் தன் இடப்புறம் இருக்கும்படி குனிந்து நின்று, திருகாணியைத் தொட்டுத் தொட்டு நகர்த்துவார் என்று மட்டும் தெரியும்.

ஒரு நாள் அவர் கண்கள் சிவந்து நீர் வழிய வந்தார். டாக்டர் என் மேஜையருகே நின்றிருந்தார்.

"ராவெல்லாம் தூக்கம் இல்லிங்க சார். கண்ணுல மணல அள்ளிப் போட்டா மாதிரி கீது."

"குளிர்ந்த தண்ணில அலம்பிக்கோ. தூசியா இருக்கும். விளக்கு நாளைக்கு ரெடியா இருக்கணும்."

"இருக்கும் சார்."

இரண்டு நாளில் சரியாயிற்று. பிறகு மறுபடி வந்தது. அந்த எரிச்சல் உடனே வராது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வரும். ஆகவே அது விளக்கால் வந்தது என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஏதோ எண்ணெயை விட்டுக்கொண்டார். கசக்கினார். இடது கண்ணில் புண் வந்தது, சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண் ஆறியபோது இடது கண்ணின் நடுவில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் வெளிச்சமும் இருட்டும் தவிர வேறெதுவும் தெரியாது என்றார்கள்.

அவர் இல்லாத நாட்களில் விளக்கை நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் நாளே என் கண்ணாடிச் சட்டத்தின் காது ஒடிந்தது. எனக்குக் கிட்டப்பார்வைதான், அருகே இருப்பது நன்றாகத் தெரியும் என்பதால் அன்று பிற்பகல் கண்ணாடி இல்லாமலே குனிந்து விளக்கை நேர் செய்தேன். அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியது. வலது கண்ணை விட இடது கண்ணில் அதிகம். இடது கன்னம் வெயிலில் நாளெல்லாம் நின்றது போலக் காந்தியது. ஜன்னலே இல்லாத அறையில் எனக்கு எந்த வெயில் அடித்தது? ஏகாம்பரத்தின் இடது கன்னம் கறுத்துத் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். குவார்ட்ஸ் குழாயின் பக்கவாட்டிலிருந்து புற ஊதா ஒளி அறை முழுவதும் கொட்டுகிறது, மூடியைத் திரும்பப் போட வேண்டும், ஏகாம்பரத்தின் கண் இதனால்தான் போயிற்று என்றேன். அவர் மேஜை மேலிருந்த காகிதத்தை நேராக நகர்த்தி வைத்தார்.

"மூடியைப் போட்டுக்கலாம், கோமதி. ரிசல்ட் வந்தாச்சு. மத்ததை யார்கிட்டயும் பேச வேண்டாம். உங்க தீசிஸ் வேற என் கையில இருக்கு."

அவர் அதைப் பயமுறுத்துவதற்காகச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்பது மாதிரி சொன்னார்.

அந்த வாரம் ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனம், மூங்கில் கூடையில் அவருக்குக் கஞ்சி எடுத்துப்போகும் வழியில், நிலையத்தின் அலுவலகத்துக்கு வந்தார். வாட்ச்மேன் உள்ளே விட மறுத்தார். நான் போய் அழைத்து வந்தேன். பதிவாளர் முன்னால் அவர் நின்றபடியே பேசினார்.

"உங்க எடத்துல வேல செஞ்சிதான் அவுரு கண்ணு போச்சிங்க. ஆஸ்பத்திரில எதுனால வந்துச்சின்னு கேக்கறாங்க. எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்களே சொல்லுங்க, எதுனால?"

பதிவாளர் டாக்டரைக் கேட்டார். டாக்டர் எழுத்தில் பதில் கொடுத்தார். ஏகாம்பரம் அடுகோடியில் உறவினரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் செய்கிறார், வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பது எல்லோரும் அறிந்தது, வெளி வேலை செய்வது விதிகளுக்கு விரோதம். விஷயம் சட்டென்று தலைகீழாயிற்று. நியாயம் கேட்டு வந்தவர் குற்றவாளி. வேலையை விட்டே நீக்கலாமா என்று விசாரிக்க மூவர் கமிட்டி போட்டார்கள்.

பட்டறை இருந்தது உண்மை. அது ஏகாம்பரத்தின் மச்சானுடையது. அது இருப்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? விளக்கின் தாங்கி ஒருமுறை முறிந்தபோது, நிலையத்தின் ஒர்க்‌ஷாப் நேரம் எடுக்கும் என்பதால், டாக்டர் அவசரப்படுகிறாரே என்று ஏகாம்பரம் அதைப் பையில் போட்டு எடுத்துப்போய் மச்சானிடம் ஒட்டவைத்துக் கொண்டுவந்தார். டாக்டருக்காகச் செய்த உதவியையே எடுத்து அவர் மேல் எறிந்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கண்ணோடு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் வெல்டிங் செய்தீர்களா என்று கேட்டேன்.

"சாயங்காலம் போயி குந்துவேன்மா. பேப்பர் படிப்போம். அவன் வேலைல நான் கைய வெக்கறதில்ல. சாரு தப்பா நெனச்சிட்டாரு. யாரோ சும்னே இல்லாததச் சொல்லி பத்த வெச்சிருக்காங்க."

"கமிட்டில நான் சொல்லப்போறேன், ஏகாம்பரம். விளக்குதான் காரணம்னு."

"சாருக்குத் தெரியாமப் போச்சு, அதுக்கு அவரு இன்னா செய்வாரு. தெரிஞ்சிருந்தா மூடிய எடுக்கச் சொல்லியிருப்பாரா?"

உடம்பும் மனசும் தளர்ந்து கிடந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது?

கமிட்டிக்குத் தலைவர் ரசாயனத் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர். கூட பதிவாளரும் நிலையத்தின் மருத்துவரும். சாட்சி சொல்ல நானும் உள்ளே இருந்தேன். விசாரணை முழுவதும் இங்கிலீஷில் நடந்தது. ஏகாம்பரத்தை வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு வெல்டிங் பற்றி மட்டும் கேட்டு வெளியே அனுப்பினார்கள்.

டாக்டர் சௌந்தரராஜன் அமைதியாகப் பேசினார். "அந்த அறைக்கு நானும் போயிருக்கிறேன். மற்றவர்களும் போயிருக்கிறார்கள். விளக்கு காரணமாக இருந்தால், எங்களில் ஒருவருக்காவது ஏதாவது ஆகியிருக்க வேண்டாமா?"

கமிட்டித் தலைவர் தலையசைத்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

விளக்கு அறைக்கு வரும்படி கமிட்டியைக் கேட்டுக்கொண்டேன். முன்கூட்டியே ஒரு கண்ணாடித் தகட்டில் சோடியம் சாலிசிலேட் கரைசலைத் தெளித்து உலரவைத்திருந்தேன். வெள்ளையாகப் பொடி படிந்தது போல இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். எங்கள் வேலையில் எல்லோரும் பயன்படுத்துகிற முறைதான். எல்லோரிடமும் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டு, மூடி இல்லாமல் விளக்கை ஏற்றினேன். ஏகாம்பரம் குனிந்து நிற்கும் இடத்தில், அவர் முகம் இருக்கும் உயரத்தில் தகட்டைப் பிடித்தேன். அது நீல நெருப்பு மாதிரி எரிந்தது.

"சார், உங்கள் கண்ணாடியை ஒரு நிமிஷம் தருகிறீர்களா? கண்ணை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சௌந்தரராஜனிடம் கேட்டேன். அவர் தயங்கினார். கமிட்டித் தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கொடுத்தார்.

அந்தக் கண்ணாடியைத் தகட்டுக்கும் விளக்குக்கும் நடுவில் பிடித்தேன். நீலத்துக்கு நடுவே இரண்டு கறுப்பு வட்டங்கள் விழுந்தன. சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை உள்ளே விடாது. அந்த அறைக்குள் வந்துபோன எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கண்ணாடி இருந்தது. இல்லாதவர் ஒருவர்தான். ஒரு பிற்பகல் கண்ணாடி இல்லாமல் நின்றதற்கே என் கண் எரிந்ததையும் சொன்னேன்.

விளக்கை அணைத்துத் திரையை விலக்கினேன். டாக்டர் கண்ணாடியை வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"விளக்கு புற ஊதா ஒளி தரும் என்பதை யாரும் மறுக்கவில்லையே. அந்த ஆள் என்னிடம் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை" என்றார்.

"சொன்னார். என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் அலம்பிக்கொள்ளச் சொன்னீர்கள். விளக்கு நாளைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றீர்கள்" என்றேன்.

ஏகாம்பரத்தை நீக்கவில்லை. வெல்டிங் விஷயத்தைக் கைவிட்டார்கள். ஆனால் கமிட்டியின் முடிவில் இருந்த வாசகம் எனக்கு மனப்பாடம்: இது ஒரு துரதிர்ஷ்டவசமான சம்பவம், யாரையும் பொறுப்பாக்க இயலாது. யாரையும். மூடி தானாகக் கழன்று கீழே விழுந்ததா? ஒற்றைக் கண்ணோடு நுட்பமான வேலை செய்ய முடியாது என்று ஏகாம்பரத்தை ஸ்டோருக்கு மாற்றினார்கள். திருகாணியைத் தலைமயிர் அளவுக்கு நகர்த்தத் தெரிந்த கை, பினாயில் டின்களை அடுக்கியது. என் தீசிஸ் டாக்டரின் அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை. மறு ஆண்டு நான் ராஜினாமா செய்து பெண்கள் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தப் போனேன். பணி ஓய்வு வரை அங்கேதான்.

ராஜினாமா செய்வதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கருத்தரங்கிலிருந்து திரும்பிய டாக்டருக்கு நகரத்தில் வரவேற்பும் பொதுச் சொற்பொழிவும் ஏற்பாடாயின. சாயங்கால வேளை, மண்டபம் நிறைந்திருந்தது. ஸ்டோரில் இருந்த சிலைடு புரொஜெக்டரை இயக்க ஏகாம்பரத்தை அனுப்பியிருந்தார்கள். அவர் அருகே ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அருமையாகப் பேசினார். இங்கிலீஷில்தான். மேகத்தின் படம் திரையில் வந்தது. விண்மீனிலிருந்து புறப்படும் ஒளி எத்தனையோ ஆண்டுகள் பயணம் செய்து வந்தும் அந்த வாயுவைச் சிதைக்கும் வலிமையை இழப்பதில்லை என்றார். கூட்டம் கைதட்டியது.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டார்.

நான் சொன்னேன். "கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒண்ணு இருக்காம். அது படற எடத்துல வாயுவையே உடைச்சுடும்னு சொல்றார். எவ்வளவு தூரத்துல இருந்து வந்தாலும்."

"நம்ம வெளக்குல வரதா?"

"அதே ஒளிதான்."

"இத எப்பம்மா கண்டுபிடிச்சாங்க?"

"ரொம்ப நாள் ஆச்சு, ஏகாம்பரம். நீங்களும் நானும் பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் அடுத்த சிலைடைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை. கூட்டம் முடிந்து விளக்குகள் எரிந்தன. பெரிய மனிதர்கள் டாக்டரைச் சூழ்ந்து மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் நேராக அங்கே நடந்து போனார். நான் பின்னாலேயே போனேன்.

"சார்" என்றார். டாக்டர் திரும்பினார். "மூடிய கழட்டச் சொன்னீங்களே, அன்னிக்கு இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நாளைக்கு ஆபீசுக்கு வாப்பா, பேசலாம்."

"வேற ஒண்ணும் பேசறதுக்கு இல்லிங்க சார். தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் கழுத்தில் மாலை இருந்தது. அவர் ஏகாம்பரத்தின் முகத்தை, அந்த வெளுத்த கண்ணை, ஒரு கணம் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "இவ்வளவு ஆகும்னு நெனைக்கல."

ஏகாம்பரம் தலையசைத்தார். "அது போதும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய், புரொஜெக்டரின் ஒயரைச் சுருட்டிக் கட்டி, சிலைடுகளை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கினார்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அந்த மண்டபத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். மறுநாள் அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.